போர்ச்சுல நிப்பாட்டின கார் நடுச்சாமத்துல எரிஞ்சு போச்சு. எதை முதல்ல செய்யிறது?

கல்லடிப் பொடியன் (கேள்வி):

இடம் மட்டக்களப்பு கல்லடி, கடற்கரைப் பக்கம். ஞாயிறு இரவு எட்டரைக்குக் காரைக் கொண்டுவந்து போர்ச்சுல விட்டது. சாமம் ரெண்டு பத்துக்கு ஹோர்ன் தானா அடிக்கத் தொடங்கிட்டு. கதவைத் திறந்தா பொனட்டின் இடப்பக்கத்தால நெருப்பு. தீயணைப்பு வண்டி வந்துதான் அணைச்சது. ஆக்களுக்கு ஒண்டுமில்ல.

கார் ஜப்பான் 660 சிசி, 2015, பெற்றோல், ஹைபிரிட் இல்ல. வாங்கின பிறகு பூட்டினது அலாம், டேஷ்கேம், சீட்டுக்குக் கீழ ஒரு அம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டுற அம்ப்ளிஃபயர்). டாங்கியில பாதிக்குப் பெற்றோல். ஃபுல் இன்சூரன்ஸ், தொகை 45 இலட்சம். லீசிங் இன்னும் 14 மாசம் கிடக்கு.

போர்ச் கொங்கிரீட் சிலாப், முன்னால ரெண்டு தூண். அடிப்பக்கம் பூச்சு கழண்டு ரெண்டு இடத்துல கம்பி தெரியுது. பக்கத்துக் குசினிப் பத்தியில அஸ்பெஸ்டஸ் சீட் நாலு வெடிச்சுச் சிதறிக் கிடக்கு. கிணறு காருக்குப் பன்னிரண்டு அடி தள்ளி.

பக்கத்து வீட்டு மாமா பொலிசில போய் "கரண்ட் சோர்ட்" எண்டு என்ட்ரி போடச் சொல்றார். பழைய இரும்பு எடுக்கிற ஒருத்தர் காலமையே வந்து விலை கேட்டுட்டார். வீட்டில எல்லாரும் கழுவித் துப்பரவாக்கணும் எண்டு நிக்காங்க. எந்த ஒழுங்கில போறது எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

கல்முனை கிளைம்ஸ்:

தம்பி, முதல்ல அந்தக் கழுவுற கதையை நிப்பாட்டுங்க. வாளியோ பைப்போ காருக்குக் கிட்ட போகப்படா. இரும்புக்காரருக்கும் இப்ப ஒரு பதிலும் சொல்ல வாணாம்.

பொலிஸ் முறைப்பாட்டை இண்டைக்கே போடுங்க. எத்தனை மணிக்கு நிப்பாட்டின, எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்தால நெருப்பைக் கண்ட, ஆர் கண்ட, தீயணைப்பு எப்ப வந்த, இவ்வளவுதான். மாமா சொன்ன "கரண்ட் சோர்ட்" அதில வரப்படா. காரணம் இதுதான்: வழக்கமான ஃபுல் பொலிசியில தீ, தானாகத் தீப்பற்றல், மின்னல் எல்லாம் காப்புக்குள்ள இருக்கும். அதுக்குக் கீழ விலக்குப் பட்டியல்ல "தேய்மானம், இயந்திர அல்லது மின் கோளாறு" எண்டு ஒரு வரி கிடக்கும். பழுதாப்போன அந்த உதிரிப்பாகத்துக்குக் காசில்ல எண்டுறதுதான் அந்த வரி. அதால பத்தி எரிஞ்ச காருக்குக் காசில்ல எண்டு அதுக்கு அர்த்தமில்ல. ஆனா "மின் கோளாறு" எண்டு நீங்களே எழுதிக் கையொப்பம் வெச்சுக் குடுத்தா, இழுத்தடிக்க நினைக்கிறவருக்கு அதுவே போதும். காரணத்தைச் சொல்லுறது உங்கட வேலையில்ல.

முறைப்பாட்டைத் தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்க, அது உங்கட உரிமை. வேற மொழியில எழுதினா விளங்கப்படுத்தாமக் கையொப்பம் வைக்க வாணாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் எடுங்க. தீயணைப்புப் பிரிவுக்கும் ஒரு கடிதம் குடுத்து, வந்து அணைச்சதுக்கு அறிக்கை கேளுங்க. காரின்ட பதிவுப் புத்தகம், லைசன்ஸ், இன்சூரன்ஸ் காட் காருக்குள்ள இருந்து எரிஞ்சிருந்தா அதையும் முறைப்பாட்டிலயே சொல்லுங்க. பிரதி எடுக்கப் போகேக்க எல்லா இடத்திலயும் அந்த என்ட்ரியைத்தான் கேட்பாங்க.

இன்சூரன்ஸ் ஹொட்லைனுக்கு இன்னும் எடுக்கலையெண்டா இதை வாசிச்சு முடிக்க முன்னம் எடுங்க. எரிஞ்ச கிளைமுக்குச் சேதத்தை மதிப்பிடுற அசெசர் மட்டுமில்ல, தனியா ஒரு விசாரணையாளரும் வரலாம். அவர் முதல் கேட்கிறது திறப்பு, அதுவும் ரெண்டு திறப்பும். ஒண்டு துலைஞ்சிருந்தா எப்ப துலைஞ்ச எண்டு சரியாச் சொல்லணும். மறுகா சேவிஸ் பில், அலாமும் அம்பும் பூட்டின பில், லீசிங் கட்டின பற்றுச்சீட்டு. லீசிங் பாக்கி நிக்கிற காரெண்டா "கட்ட ஏலாம எரிச்சிட்டாரோ" எண்ட சந்தேகம் அவருக்கு முறையா வரும். கோவிக்க வாணாம். கட்டினதுக்கான சீட்டைக் காட்டினா அந்தக் கதை அங்கேயே முடிஞ்சிடும்.

காசு விசயம். முழுக்க எரிஞ்ச காருக்குப் பொலிசித் தொகை, சந்தைப் பெறுமதி ரெண்டில எது குறைவோ அதுதான் கணக்கு. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய கார் விலை ஏறின ஏத்தத்துல கனபேர் தொகையைக் கூட்டாம விட்டுட்டாங்க. உங்கட கார் இண்டைக்கு 60 இலட்சம் போனாலும் 45க்கு மேல ஒரு சதமும் வராது. "முழுச் சேதமில்ல, திருத்தலாம்" எண்டு அசெசர் சொன்னா இன்னும் மோசம். குறைகாப்புறுதி விதி பொலிசியில இருந்தா 60க்கு 45, அதாவது 75 வீதம்தான் திருத்தச் செலவில தருவாங்க. அந்த வரி இருக்கா எண்டு இப்பவே தேடிப் பாருங்க.

லீசிங் கொம்பனிக்கும் எழுத்துல அறிவியுங்க. புத்தகத்துல அவங்கதான் முழு உரிமையாளர் எண்டு இருக்கும், அதால காசு முதல்ல அவங்கட பாக்கிக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. கிளைம் முடியும்வரை தவணையை நிப்பாட்ட வாணாம். கார் எரிஞ்சாலும் வட்டி எரியாது.

ஒண்டு கனபேருக்குத் தெரியாது: காரின்ட பொலிசி உங்கட வீட்டுக்குத் தராது. மூண்டாந் தரப்புச் சொத்துச் சேதம் எண்டது மத்தவன்ட சொத்துக்குத்தான். பக்கத்து வீட்டு மதில், யன்னல் சுட்டிருந்தா அதை அந்தப் பகுதிக்குள்ள கேட்டுப் பார்க்கலாம். உங்கட சிலாப்புக்கு வீட்டுத் தீக்காப்புறுதி வேணும். வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்திருந்தா அந்தக் கடனோட சேர்த்து ஒண்டு போட்டிருப்பாங்க. கடன் கோவையை ஒருக்காப் புரட்டிப் பாருங்க.

—

செங்கலடி வயரிங்:

கிளைம்ஸ் நானா சொன்னதோட சேர்த்து வாசிங்க. நான் காரைப் பத்தி மட்டும் சொல்றன்.

நேரத்தைப் பாருங்க. எட்டரைக்கு நிப்பாட்டி ரெண்டு பத்துக்கு நெருப்பைக் கண்டிருக்கு. ஐஞ்சு மணித்தியாலம் நாப்பது நிமிசம். எஞ்சின் பச்சைத் தண்ணியா ஆறியிருக்கும். ஓடி நிப்பாட்டி ஒரு மணித்தியாலத்துக்குள்ள பத்தியிருந்தா மெனிபோல்ட்டில (எஞ்சின் புகை வெளியேறுற சூடான குழாய்) ஒயில் ஒழுகினதா, சைலன்சர்ல சருகு முட்டினதா எண்டு தேடலாம். இங்க அது சரிவராது. திறப்பைக் கழட்டின பிறகும் உயிரோட நிக்கிற வயர், இல்லாட்டி வெளியால வந்த நெருப்பு, இந்த ரெண்டுதான் மிச்சம்.

திறப்பு இல்லாம உயிரோட நிக்கிறது எது? பற்றரியில இருந்து ஸ்டார்ட்டருக்குப் போற தடிச்ச வயர். ஓல்டர்னேட்டரின் பி முனை, அது எப்பவும் பற்றரியோட நேரடி. மெயின் பியூஸ் பெட்டி. ஏபிஎஸ் மொடியூல் (பிரேக்கைக் கட்டுப்படுத்துற பெட்டி). ரேடியேட்டர் ஃபேன் ரிலே, இதின் பொயின்ட் ஒட்டிப் பிடிச்சா ஃபேன் விடிய விடிய ஓடும். கொம்பனி வேலையில கூட இது நடந்திருக்கு. 2023 செப்டெம்பரில ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில ஏறக்குறைய 33.7 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைச்சது ஏபிஎஸ் பகுதிக்குள்ள பிரேக் ஒயில் கசிஞ்சு சோர்ட்டாகும் எண்டதாலதான். திருத்தும் வரைக்கும் வீட்டுக்குள்ள விட வேணாம், வெளியில நிப்பாட்டுங்க எண்டுதான் அறிவுறுத்தினாங்க. அதுக்கு முன்னம் ஃபோர்ட்டில ஒரு சின்ன குரூஸ் கொன்ட்ரோல் (வேகத்தைத் தானா பிடிச்சு வைக்கிற) சுவிட்ச். அதுவும் எப்பவும் உயிரோட நிக்கிற சாமான், அதுக்குள்ளயும் பிரேக் ஒயில்தான் போனது. ஒரு கோடிக்கு மேல வாகனம் திருப்பி அழைச்சாங்க.

உங்கட கார் ஜப்பானில ஓடி வந்த கார் எண்டபடியா அங்க வந்த அழைப்பு இங்க உங்களுக்கு வந்து சேராது. ஜப்பான் கார்க் கொம்பனிகளின் அந்த நாட்டு இணையத் தளத்தில சேசிஸ் இலக்கத்தை அடிச்சா திருப்பி அழைச்சதா, திருத்தியாச்சா எண்டு வரும். ஜப்பான் எழுத்தெண்டு பயப்பட வேணாம், போனே மொழிபெயர்க்கும். வந்தா ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க.

ஆனா என்னைக் கேட்டா நான் முதல்ல சந்தேகப்படுறது அம்புக்குப் போற சிவப்பு வயரை. அது பற்றரியின் பொசிட்டிவில தொடங்கி, பொனட்டுக்குப் பின்னால நிக்கிற தகட்டில ஓட்டை போட்டு, காலடிக் காப்பெட்டுக்குக் கீழால சீட் வரைக்கும் போகும். பற்றரி முனையில இருந்து 45 சென்ரிமீற்றருக்குள்ள ஒரு பியூஸ் நிக்க வேணும். கனபேர் பியூசை அம்புக்குக் கிட்டப் போடுவாங்க, போடாமலும் விடுவாங்க. அம்புக்குக் கிட்டப் போட்ட பியூஸ் அம்பைத்தான் காக்கும், வயரைக் காக்காது. தகட்டு ஓட்டையில ரப்பர் வளையம் இல்லாட்டி, ஓடுற அதிர்வுல உறை கொஞ்சங் கொஞ்சமாத் தேயும். ஒரு நாள் செம்பு தகட்டைத் தொடும். நல்ல பற்றரி ஒண்டு அந்த நேரம் நூற்றுக்கணக்கான அம்பியர் தள்ளும். வயர் செக்கனுக்குள்ள சிவந்திடும், இடையில தடுக்க ஒண்டுமில்ல.

செம்பு வயரில ரெண்டு விதமா உருக்கம் வரும். வயர் நல்லா இருந்து, திடீரெண்டு நுனியில மட்டும் மழமழப்பா உருண்ட ஒரு மணி நிண்டா அது மின்பொறி. வயர் வரவர மெலிஞ்சு, ஒழுகின மாதிரி இழுபட்டிருந்தா அது வெளிநெருப்பில உருகினது. செம்பு உருக 1085 பாகை வேணும். ஆனா அலுமினியம் 660இலயே உருகிச் செம்பில சொட்டினா ரெண்டும் கலந்து அதுக்குக் குறைஞ்ச சூட்டிலயே செம்பைத் தின்னும், அதைப் பார்த்து ஏமாறுறவங்க இருக்காங்க. இன்னொண்டு. மணி நிண்டாலும் அதுதான் காரணம் எண்டில்ல. வேற இடத்துல தொடங்கின நெருப்பு உயிருள்ள வயரின் உறையைத் தின்னா அங்கயும் மணி விழும். அதால நீங்க குறடு கொண்டு போய்க் கிண்ட வேணாம். ஒரு வயரை இழுத்தாப் பொரிஞ்சு உதிர்ந்திடும், பிறகு ஆராலும் வாசிக்கேலாது.

நீங்க செய்ய வேண்டியது படம், அதுவும் இண்டைக்கே. கல்லடிக் கடல் காத்துக்குப் பெயின்ட் எரிஞ்ச தகடு ஒரு இரவு தாங்காது, செம்மஞ்சள் துரு படர்ந்திடும். இப்ப பொனட்டைப் பார்த்தா கூடச் சுட்ட இடம் கரியும் இல்லாம வெறுந்தகடா வெளிறிக் கிடக்கும், ஓரத்தில கறுப்பு ஒட்டியிருக்கும். துரு மூடினா அந்த வித்தியாசம் போயிடும். நாலு பக்கம், நாலு மூலை, ஏணி வெச்சு மேலால, போனை நிலத்தில வெச்சுக் கீழால. நாலு றிம்மும் தனித்தனியா. அலோய் றிம்மெண்டா முன் இடது உருகிக் குளமாகி, முன் வலது நிண்டிருந்தா அந்தப் பக்கம் கூட நேரம் எரிஞ்சிருக்கு. (கூட நேரம் எரிஞ்ச இடம்தான் தொடங்கின இடம் எண்டு முடிவு கட்ட வேணாம்.) பற்றரி இருந்த இடம், பியூஸ் பெட்டி, தகட்டு ஓட்டை, சிலாப்பில கூடப் பெயர்ந்த இடம். எல்லாத்திலயும் பக்கத்துல ஒரு காசுக் குத்தியை வைங்க, அளவு தெரியும்.

பக்கத்து வீடுகளில சீசீடீவி இருந்தா இண்டைக்கே பென்டிரைவில பிரதி எடுங்க. அந்தப் பெட்டிகள் கொஞ்ச நாளில பழையதை அழிச்சு மேல எழுதும். ரெண்டு பத்துக்கு முந்தின ஒரு மணித்தியாலமும் வேணும்.

ஆரும் கொளுத்தினதோ எண்டு சந்தேகம் இருந்தா பொலிசுக்குச் சொல்லி அவங்களே மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேணும். நீங்க மண்ணை அள்ளி ஷொப்பிங் பையில கட்டி வைக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்ல, பெற்றோல் ஆவி அதுக்குள்ளால போயிடும். டாங்கி உருகின பெற்றோல் காரின் கீழ்மண்ணில பெற்றோல் இருக்கத்தானே செய்யும். உள்ள முன்சீட்டுக்குக் கீழக் காப்பெட்டில இருந்தாத்தான் யோசிக்க வேணும்.

கையுறை இல்லாமத் தொட வேணாம். வெடிக்காத எயார்பாக், பொனட்டு டிக்கி தூக்கிற கேஸ் தண்டு, பற்றரி அசிட் எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.

—

ஓய்வுபெற்ற டீஓ:

வீட்டுப் பக்கத்தை, தொழினுட்ப உத்தியோகத்தராக (டீஓ) இருந்த நான் எழுதுகிறேன். போர்ச்சுக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. விசாரணையாளர் வந்தாலும் முதலில் சிலாப்பைக் காட்டி எச்சரியுங்கள்.

கார் முழுதாக எரிந்தால் சுவாலை 800 பாகையைத் தாண்டும். கொங்கிரீட் 300 பாகைக்கு மேலே பலம் இழக்கத் தொடங்கும். அந்தச் சூடு பட்ட கொங்கிரீட் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும், இன்னும் கூடினால் வெளிறிய சாம்பல். நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்து நல்லது என்று எடுக்க வேண்டாம். கல்லில் உள்ள இரும்பைப் பொறுத்த விடயம் அது. பூச்சு பெயர்ந்ததைப் பார்த்து முழுதும் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம், சுட்ட சிலாப்பில் தண்ணீர் அடித்ததாலும் பெயரும்.

பார்க்கும் முறை: முட்டுக் கொடுத்த பிறகு சின்னச் சுத்தியலால் ஒரு அடிக்கு ஒரு தட்டு. 'டிங்' என்று கேட்டால் கட்டி, 'டொக்' என்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. டொக் கேட்ட இடங்களைச் சோக்கால் வட்டம் போடுங்கள். பிறகு தூணுக்குத் தூண் நூல் பிடித்து நடுவில் எவ்வளவு தொய்வு என்று மில்லிமீற்றரில் எழுதி, ஒரு கிழமைக்குப் பின் திரும்ப அளவுங்கள். கூடினால் உடைப்பதுதான் பேச்சு. தெரிகிற கம்பி வளைந்து தொங்கினாலும் அப்படித்தான். 600 பாகைக்கு மேலே போன கம்பி ஆறினாலும் பழைய பலத்துக்கு முழுதாகத் திரும்பாது.

முட்டு இரும்பு முட்டாக இருக்கட்டும், மூன்று அடிக்கு ஒன்று, காரின் இரண்டு பக்கமும். மேலே குறுக்கே இரண்டு அங்குலப் பலகை, கீழே மணலில் இறங்காமல் இன்னொரு பலகை. திருகித் தூக்கக் கூடாது, சிலாப்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். தூக்கினால் மேற்பக்கம் வெடிக்கும்.

திருத்துவதென்றால் மேசன் ஒருவர் வந்து சீமெந்துக் கலவையால் பூசிவிட்டுப் போவதற்கு விட வேண்டாம். ஒரு வருடத்தில் பாளமாக விழும். இளஞ்சிவப்பு முடிந்து நல்ல சாம்பல் வரும்வரை கொத்தி, கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவுக்கு இடம் எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் வெளுக்கத் தேய்த்து, திருத்த வேலைக்கென்று விற்கிற பொலிமர் கலவையைத்தான் ஏற்ற வேண்டும். எவ்வளவு கொத்துவது, கம்பி சேர்ப்பதா என்பதைக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும். வீட்டுக் காப்புறுதி இருந்தால் அந்தக் கடிதம் அங்கேயும் உதவும்.

ஒரு விடயத்தைப் பலர் விடுகிறார்கள். வயர் உறை, டேஷ்போட் தோல் எல்லாம் பிவிசி. எரிந்தால் வருவது ஐதரோகுளோரிக் அமிலப் புகை. அது சிலாப்பிலும் கம்பியிலும் யன்னல் கிரில்லிலும் படிந்து கிடக்கும். கடற்கரை வீட்டுக்கு ஏற்கெனவே உப்பு, அதற்கு மேலே இது. விசாரணை முடிந்ததும் கரியை முதலில் காய்ந்தபடியே தூரிகையாலும் வக்கியூமாலும் எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் சுவருக்குள் இறங்கும். பிறகு அப்பச்சோடாக் கரைசல், அதன் பின் குழாய்த் தண்ணீரால் தாராளமாகக் கழுவல். சோடா புளிப்பை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பு போவது கழுவலில்தான். அதற்குச் சவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது.

மின்சாரம்: போர்ச் லைட், கோலிங் பெல், கேற் லைட் எந்தச் சர்க்கிட்டில் என்று பார்த்து அவற்றை நிறுத்தி வையுங்கள். சிலாப்புக்குள் போகும் வயரின் உறை 70 பாகைக்கு மேல் தாங்கச் செய்ததல்ல. லைட் எரிகிறதே என்று விடாமல் 500 வோல்ட் மெகரால் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) அளந்து, 1 மெகாஓமுக்குக் குறைந்தால் வயரை இழுத்து மாற்றுங்கள். கம்பத்தில் இருந்து வரும் சேவிஸ் வயர் சுட்டிருந்தால் கை வைக்காமல் மின்சார சபைக்கு 1987.

அஸ்பெஸ்டஸ் துண்டுகளைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். படம் எடுத்த பின், சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்து (காரில் படாமல்), பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 வகை முகக்கவசத்தோடு துண்டு துண்டாகப் பொறுக்கித் தடித்த பொலிதீன் பையில் இரட்டையாகக் கட்டுங்கள். உடைத்துச் சிறிதாக்கக் கூடாது. துணிக் கவசம் போதாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வேண்டாம்.

இனிக் கிணறு. பன்னிரண்டு அடி என்பது இந்த மணலுக்கு ஒன்றுமேயில்லை. பாதி டாங்கி என்றால் பத்துப் பதினைந்து லீற்றர். பெரும்பகுதி எரிந்திருக்கும், மிச்சம் தீயணைப்புத் தண்ணீரோடு மணலில் இறங்கியிருக்கும். எல்லோரும் செய்வது மோட்டரைப் போட்டுக் கிணற்றை இறைப்பது. அதைச் செய்யாதீர்கள். இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்ந்து, சுற்று மணலில் நிற்கிற பெற்றோலைக் கிணறு தன் பக்கம் இழுக்கும். மோட்டரை நிறுத்துங்கள், குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். காரை எடுத்த அன்றே கறுத்த மணலை மணம் போகும்வரை வெட்டி அள்ளுங்கள், முக்கால் அடியாவது போகும். சாக்கில் கட்டி எங்கே கொடுப்பது என்று மாநகர சபையிடம் கேளுங்கள், வாவியில் கொட்டாதீர்கள். கிணற்று நீரில் மண்ணெண்ணெய் போல மணமோ வானவில் படலமோ வந்தால் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிவியுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது பிழை. பக்கத்து வீட்டாரின் கிணற்றுக்கும் சொல்லுங்கள், மணலுக்கு வேலி இல்லை.

—

கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. முறைப்பாடு போட்டாச்சு, நானா சொன்னபடி கண்டது மட்டும். மோட்டர் நிப்பாட்டியாச்சு. படம் எடுக்கேக்க பார்த்தன், தகட்டு ஓட்டையில ரப்பர் மாதிரி ஒண்டும் தெரியல்ல, ஆனா எல்லாம் எரிஞ்சதால சொல்லவும் ஏலாது. விசாரணையாளர் புதன்தான் வருவாராம். மழை இருட்டுது. தறப்பாள் போடலாமா? மற்றது, பற்றரி இருந்த இடத்துக்குக் கீழ தேங்காய்த் தும்பு மாதிரி கருகின குப்பை ஒரு கைப்பிடி கிடக்கு.

—

செங்கலடி வயரிங்:

அந்தத் தும்பைத் தொட வேணாம். அது எலிக்கூடா இருக்கலாம். கிட்டத்தில இருந்தும் தூரத்தில இருந்தும் படம் எடுத்து, விசாரணையாளர் வந்ததும் முதல்ல அதைக் காட்டுங்க. எலி உறையைக் கடிச்சு, காய்ஞ்ச தும்பைக் குவிச்சு வெச்சா பொறியும் விறகும் ஒரே இடத்துல. அம்ப் வயர் எண்டு நான் சொன்னதை அப்ப ரெண்டாவதா வைங்க.

ரப்பர் வளையம் எரிஞ்சு போகும், உண்மை. ஆனா ஓட்டையின் விளிம்பு எரியாது. விளிம்புத் தகட்டில சின்னதா ஒரு பள்ளம், செம்பு நிறமா ஒரு சொட்டு நிண்டா அங்க பொறி பறந்திருக்கு. டோர்ச் அடிச்சு ஒரு படம்.

தறப்பாள் போடலாம், ஆனா சூடு முழுக்க ஆறினதைப் பார்த்து. சீட் ஸ்பொஞ்சு உள்ளுக்குள்ள கனநேரம் புகையும். காரில முட்டாம நாலு பக்கமும் கயிறு கட்டிப் பந்தல் மாதிரி, பக்கம் திறந்தபடி. போர்வை மாதிரி மூடினா பெற்றோல் ஆவி உள்ள நிண்டிடும், சாம்பலும் தறப்பாளில ஒட்டிக்கொண்டு வரும். கயிறை அந்தத் தூணில கட்ட வேணாம், டீஓ ஐயா பேசுவார்.

—

வாவிக்கரை:

எலிக்கு எஞ்சின் பக்கத்துல பூச்சி உருண்டை போட்டா வராது எண்டு சொல்றாங்களே, எங்கட வீட்டு வானுக்குப் போடலாமா?

—

செங்கலடி வயரிங்:

வேணாம். பூச்சி உருண்டையும் கற்பூரமும் பத்துற சாமான், சூடான மெனிபோல்ட்டுக்கு மேல அதைக் கட்டித் தொங்கவிடுறது நெருப்புக்கு நாங்களே விறகு வைக்கிற வேலை. மண்ணெண்ணெய் தெளிக்கிறதும் அப்படித்தான். கிழமைக்கு ஒருக்கா பொனட்டைத் திறந்து பற்றரித் தட்டுக்குக் கீழயும் எஞ்சின் மூடிக்கு மேலயும் தும்பு, சருகு, புழுக்கை கிடக்கா எண்டு பாருங்க. கோழித்தீன் மூட்டை, நெல் சாக்கு வானுக்குக் கிட்ட இருந்தா தூரத்துக்கு எடுங்க. கடிபட்ட வயருக்கு டேப் சுத்தி விடாம வெட்டி இணைச்சு உறை போடுங்க.

வெளியால பூட்டின சாமான் இருக்கிற வாகனத்துக்கு ஒரு அளவும் எடுக்கலாம். எல்லாத்தையும் ஓஃப் பண்ணிக் கதவைப் பூட்டி, பற்றரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, மல்ரிமீற்றரை 10 அம்பியரில வெச்சு இடையில கோர்க்க வேணும். அரை மணித்தியாலம் பொறுங்க, கம்பியூட்டர் எல்லாம் உறங்கட்டும். அந்த நேரம் கதவைத் திறக்கவோ திறப்பைப் போடவோ வேணாம், மீற்றரின் பியூஸ் போயிடும். 50 மில்லிஅம்பியருக்குள்ள நிண்டா சரி. 100ஐத் தாண்டினா பியூசை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்க, எதைக் கழட்ட அளவு குறையுதோ அந்த வயரில வேலை இருக்கு. இந்த அளவு நல்லா வந்தாலும் உறை தேயுற வயரை அது காட்டாது, அதுக்குக் கண்தான்.

—

கல்முனை கிளைம்ஸ்:

பொடியன், கடைசியா இரும்புக்காரர் விசயம். முழுச் சேதம் எண்டு முடிவானா ரெண்டு வழி: கொம்பனியே எலும்பை (எரிஞ்ச காரின்ட மிச்சத்தை) எடுக்கும், இல்லாட்டி அதுக்கொரு விலை போட்டுக் கழிச்சிட்டு உங்களிட்ட விடும். எது எண்டு எழுத்துல வரும் வரைக்கும் ஒரு நட்டும் போகப்படா. உங்களிட்ட விட்டா காரோட சேர்த்துப் புத்தகத்தைக் குடுத்து அனுப்ப வாணாம். எரிஞ்ச காரின்ட புத்தகத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வெச்சு வேற கார் ஓட விடுற ஆக்கள் இருக்காங்க. பிறகு பொலிஸ் தேடி வாறது பேர் இருக்கிற உங்களைத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவை இரத்துச் செஞ்சு, அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் தகட்டு வியாபாரம். லீசிங் இருக்கிறதால அவங்கட விடுவிப்புக் கடிதமும் வேணும்.

கொம்பனி மறுத்தா மறுப்பை எழுத்துல கேளுங்க, எந்த வரியின் கீழ எண்டு இலக்கத்தோட. முதல்ல அவங்கட முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்க. சரிவராட்டி காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, இல்லாட்டி 2000ஆம் ஆண்டு 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ வந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. போனில பேசினது ஒண்டும் அங்க நிக்காது, அதால இண்டையில இருந்து எல்லாத்தையும் ஈமெயில்ல போடுங்க.

நம்பர் பிளேட் முன்னது உருகியிருந்தாலும் பின்னது மிஞ்சியிருக்கும். புதன் விசாரணையாளர் படம் எடுத்து முடிஞ்சதும் அவருக்குச் சொல்லிட்டுக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க.